சூடானைப் பற்றித் தோட்டத்தில் பேசும்போது: எது எடுபடுகிறது, எங்கே சறுக்குகிறது

ஹட்டன், வாசிகசாலை

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சூடான் போர் பற்றிக் கூட்டம் வைக்க நினைக்கிறவர்கள் விவரம் கேட்கிறார்கள். யார் எங்கே நடத்தினோம் என்பது வேண்டாம். சனம் என்ன கேட்கும், எது மனதில் தைக்கும், எது கெடுத்துவிடும் என்பதை மட்டும் எல்லோரும் எழுதுங்கள்.

அடிப்படையை நான் சொல்லிவிடுகிறேன். சண்டை தொடங்கியது 2023 ஏப்ரல் 15இல். ஒரு பக்கம் அல்-புர்ஹான் தலைமையிலான இராணுவம். மறுபக்கம் ஹெமெட்டி எனப்படும் டகாலோவின் துரித ஆதரவுப் படை. 2021இல் இரண்டு பேரும் சேர்ந்துதான் சிவில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். இலங்கைச் சனத்தொகையில் பாதிக்கு மேல் என்று சொன்னால்தான் அந்த எண் யாருக்கும் விளங்கும். சூடான் இலங்கையைப் போல ஏறத்தாழ 28 மடங்கு பெரியது. அதனால் வெறும் வரைபடத்தை மாட்டாமல், அதே அளவுத்திட்டத்தில் இலங்கையையும் வெட்டிப் பக்கத்தில் ஒட்டுங்கள். தென் சூடான் 2011இல் பிரிந்து தனி நாடாகிவிட்டது. பழைய வரைபடங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

நேரம்: ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு, கோயில் மண்டபத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ (பிள்ளைகள் காப்பகம்). வேலை நாளில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் அடுப்படிக்குத்தான் ஓடுவார்கள், நிற்கமாட்டார்கள். சம்பள நாளை ஒட்டியும் வைக்காதீர்கள். முக்கால் மணித்தியாலம் போதும்.

பண்டாரவளை, ஆசிரியை

எண்களை விடச் சாப்பாடு பேசும். ஒரு தட்டில் கோதுமை மா 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், உப்பு 5 கிராம் வைக்கிறோம். சத்துமா 50 கிராமும் சீனி 15 கிராமும் தனிச் சிறு பொட்டலங்களில். நிவாரணத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கணக்கிடும் 2,100 கலோரி ஏறத்தாழ இவ்வளவுதான். கடையில் நிறுத்து வாங்கிக்கொண்டு போங்கள். கண்மட்டத்துக்கு வைத்தால் மா எப்போதும் கூடிவிடும், அப்போது "இது தாராளமா போதுமே" என்று யாராவது சொல்வார்கள். அதன் பிறகு எல்லோர் முன்னாலும் பாதியை எடுத்துவிடுங்கள். நன்கொடை குறையும்போது உலக உணவுத் திட்டம் பங்கீட்டை வெட்டுவது இப்படித்தான்.

அங்கே மாவுக்குப் பதில் இறுங்குதான் பிரதானம். அதைக் களியாகக் கிண்டினால் அஸீதா, தோசைபோல மெல்லிசாக வார்த்தால் கிஸ்ரா. இதைச் சொன்னதும் ஆச்சிமார் தாமாகவே பேச்சுக்குள் வந்துவிடுவார்கள்.

அடுத்ததாக, ஒரு பிடி கடலைப் புண்ணாக்கு. இதை மறக்கவே வேண்டாம். சூடானின் மேற்கே டார்ஃபூரில் உள்ள எல்-ஃபாஷர் நகரை 2024 மே மாதத்திலிருந்து துரித ஆதரவுப் படை முற்றுகையிட்டு, சுற்றிலும் மண்மேடு எழுப்பி அடைத்தது. உள்ளே இருந்த சனம் அம்பாஸ் சாப்பிட்டது. எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுகிற, மாட்டுக்குப் போடுகிற அதே புண்ணாக்கு. கடைசியில் அதுவும் கிடைக்கவில்லை. 2025 ஒக்டோபர் 26இல் நகரம் விழுந்தது, தப்பியவர்கள் அறுபது கிலோமீற்றர் அளவில் நடந்து தவிலாவுக்குப் போனார்கள். வழியில் ஆண்களைப் பிரித்தெடுத்துச் சுட்டதைத் தப்பி வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

மாடு வளர்க்கிற லயத்தில் புண்ணாக்கைக் கையில் கொடுத்தால் வேறு விளக்கம் தேவையில்லை. வயசாளிகள் 1974 பஞ்சத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள், தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த காலம் அது. அவர்களைப் பேச விடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு வேண்டாம், பிள்ளைகள் வாயில் வைத்துவிடும்.

தலவாக்கலை, சுகாதாரப் பகுதி

டீச்சர் சொன்னதோடு கைச்சுற்றளவு நாடாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பிளாஸ்டிக் ஃபைல் மட்டையில் 30 சென்ரிமீற்றர் நீளம், ஒன்றரை சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கீற்று வெட்டுங்கள். தொடக்கத்திலிருந்து 11.5 வரை சிவப்பு, 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. தையல்காரர் நாடா ஆகாது, துணி இழுபடும், இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிழைத்தாலே நிறம் மாறிவிடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் இடது மேல்கையில், தோள் முனைக்கும் முழங்கைக்கும் சரிநடுவில், கை தொங்கியபடி இருக்கும்போது அளக்கும் அளவு இது. சிவப்பென்றால் கடும் மந்தபோசணை.

கூட்டத்தில் நாடாவை 11.5இல் வளையமாக மூடிக் காட்டினால் போதும். பிறந்த பிள்ளையின் வளையல் அளவுதான் இருக்கும். நடக்க வேண்டிய பிள்ளையின் மேல்கை அதற்குள் அடங்குகிறது என்று சொல்லுங்கள். எல்-ஃபாஷருக்குப் பக்கத்திலுள்ள ஸம்ஸம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் என்று 2024 ஓகஸ்ட் மாதம் உறுதிசெய்தபோது பார்த்த அளவீடுகளில் இதுவும் உண்டு.

ஆனால் சபையில் நம் பிள்ளைகளை அளக்கவே கூடாது. தாய்மார் ஆசையாகக் கையை நீட்டக் கொடுப்பார்கள். 2016 குடித்தொகை சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோரில் 31.7 சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள். நாலு பேர் முன்னால் ஒரு பிள்ளையின் கையில் மஞ்சள் விழுந்தால் அந்தத் தாய் அடுத்த கிளினிக்குக்கே வரமாட்டாள். அளந்து பார்க்கக் கேட்கிறவர்களை மிட்வைஃபிடம் அனுப்புங்கள்.

வைத்தியத்தையும் சொல்லுங்கள், சனம் "அப்போ என்னதான் செய்வாங்க?" என்று கேட்கும். கடலைப் பசை, பால்மா, சீனி, எண்ணெய், விற்றமின் சேர்ந்த 92 கிராம் பொட்டலம், ஒன்றில் 500 கலோரி. காய்ச்ச வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம், அழுக்குத் தண்ணீர் உள்ள முகாமில் அதுதான் பெரிய காரியம். "திரிபோஷா மாதிரியா?" என்பார்கள். இல்லை, திரிபோஷா உணவோடு சேர்க்கிற சத்துமா, இது மருந்துபோல நிறைக்கு ஏற்ப எண்ணிக் கொடுப்பது.

நாவலப்பிட்டி, அச்சக வேலை

சுவரொட்டியில் அடிக்கடி வருகிற பிழை கொடி. சூடான் கொடி மேலிருந்து சிவப்பு, வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் பச்சை முக்கோணம். பலஸ்தீனக் கொடியில் கறுப்பு, வெள்ளை, பச்சை, முக்கோணம் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், அதனால் வர்ணத்தில் அடிக்க வசதியில்லையென்றால் கொடியே போடாதீர்கள்.

படம் அடுத்த தலையிடி. வட்ஸ்அப்பில் சூடான் என்று வருவதில் சிரியா, காஸா, யெமன் எல்லாம் கலந்து கிடக்கிறது. கூகுள் லென்ஸில் போட்டு, முதலில் வெளியான திகதியைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தியதென்றால் இந்தப் போரில்லை. அரபு எழுத்துப் பலகை தெரிவது அத்தாட்சி ஆகாது. பெண்கள் தோப் கட்டியிருந்தால் சூடானாக இருக்க வாய்ப்புக் கூட. நாலரை மீற்றர் அளவில், தலையையும் மூடிச் சேலைபோலச் சுற்றுகிற துணி அது. எலும்பும் தோலுமான பிள்ளைகளின் முகம் போட வேண்டாம். நம் பிள்ளையை அப்படி ஒட்டினால் பொறுப்போமா? சமூகச் சமையலறையில் வரிசையில் நிற்கும் பாத்திரங்களின் படம் கிடைக்கும், அதைப் போடுங்கள். அந்தச் சமையலறைகளை அவசர உதவி அறைகள் என்ற பெயரில் அயலவர்களே நடத்துகிறார்கள், குண்டு விழுகிற ஊரிலும்.

மஸ்கெலியா, இளைஞர் மன்றம்

கேள்விகள் பற்றி. எல்லா இடத்திலும் வருவது: "நம்ம பாடே பெரும்பாடா இருக்கு, இதுல ஆப்பிரிக்காவை எதுக்குப் பார்க்கணும்?" இதற்குக் கோபப்படாதீர்கள், சொல்கிறவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவரோடு வாதாடாமல் தண்ணீரைக் காட்டுங்கள். 20 லீற்றர் கேனில் முக்கால் பங்கு நிரப்பி வையுங்கள். குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க எல்லாவற்றுக்குமாக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் என்பதுதான் அகதி முகாம்களுக்கான சர்வதேச அளவு. பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாயில்) வரிசை நின்று பழகிய சனம் அதைப் பார்த்ததும் கணக்குப் போடத் தொடங்கும். 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் அடிபட்டு வன்னிக்கு ஓடின சொந்தங்கள் உள்ள குடும்பங்கள், மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு முகாமில் கிடந்தவர்களின் உறவுகள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். பேச்சை அவர்களே எடுத்துப் போவார்கள்.

"முஸ்லிம் ஆட்களும் மற்றவங்களும் அடிச்சுக்கிறாங்களா?" என்றும் கேட்பார்கள். இல்லை, இரு தரப்பும் பெரும்பாலும் முஸ்லிம்கள்தான். டார்ஃபூரில் மசாலித் போன்ற சமூகங்களை இனம் பார்த்துக் கொன்றது உண்மை, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டுபாய் விஷயத்தில் நிதானம் வேண்டும். துரித ஆதரவுப் படைக்கு ஆயுதம் கொடுப்பதாக ஐக்கிய அரபு அமீரகத்தின் மேல் குற்றச்சாட்டு உண்டு, அந்நாடு மறுக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். அங்கே வீட்டு வேலைக்குப் போன பெண்களின் அம்மாமார் முன்வரிசையில் இருப்பார்கள், பயப்படுத்தக் கூடாது.

தலவாக்கலை, சுகாதாரப் பகுதி

தம்பி தண்ணீரைச் சொன்னதால் கொலராவையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை தொடங்கி ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குச் சந்தேகத்துக்குரிய தொற்று. மின் நிலையங்களை ட்ரோன் தாக்கியதும் தண்ணீர்ப் பம்பிகள் நின்றன, சனம் கிடைத்த தண்ணீரைக் குடித்தது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புப் பொட்டலம்) இல்லாத இடத்தில் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பு. மட்டமான என்பதை அழுத்திச் சொல்லுங்கள், கரண்டியைக் கத்தி முதுகால் வழித்துக் காட்டுங்கள். குவித்துப் போட்டால் உப்பு கூடிப் பிள்ளைக்கு ஆபத்து. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும்.

ஹட்டன், வாசிகசாலை

காசு விஷயம் கடைசியாக. கூட்டத்தில் உண்டியல் குலுக்காதீர்கள். தோட்டத்தில் ஏற்கெனவே திருவிழா வரி, மரண உதவிச் சங்கம், சீட்டு என்று பிடிபடுகிறது. காசு கேட்கிற கூட்டம் என்று பெயர் விழுந்தால் அடுத்த முறை ஆள் வராது, கணக்குக் கேட்டுச் சண்டையும் வரும். கொடுக்க நினைப்பவர் யுனிசெஃப், உலக உணவுத் திட்டம், எல்லைகளற்ற மருத்துவர்கள் ஆகியவற்றின் இணையத்தளத்தில் நேரடியாகக் கொடுக்கலாம், முகவரியைத் தட்டச்சு செய்து போக வேண்டும், வந்த லிங்கை அமுக்கக் கூடாது.

சுவரொட்டியின் கீழ் மூலையில் தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் போடுங்கள். எந்த நகரம் யார் கையில், எங்கே பஞ்சம் என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. மூன்று மாதம் தாண்டிய தாளைப் புதிதாகப் பார்க்காமல் அடுத்த தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டாம்.