கராஜில் பயிலுநர் பயிற்சி: வேலை பழக்குவதில்லை, டயறியில் கையெழுத்தும் இல்லை. யாரிடம் கேட்பது?

கொட்டாஞ்சேனை அக்கா:
வணக்கம். என் தம்பி ஓ.எல். முடித்துவிட்டு நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) மூலம் மோட்டார் மெக்கானிக் பயிலுநராகக் கொழும்பில் ஒரு கராஜில் சேர்ந்தான். சேர்ந்த நாள் முதல் வாகனம் கழுவுவதும் டயர் கழற்றுவதும் பஞ்சிகாவத்தைக்கு ஓடிப்போய் பார்ட்ஸ் வாங்கி வருவதும்தான் வேலை. எஞ்சின் பக்கம் விடுவதில்லை. செய்த வேலையை எழுதும் பயிற்சி டயறியை நீட்டினால் "பிறகு பார்ப்போம்" என்கிறார் பாஸ். கையெழுத்து இல்லாத பக்கங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. பிழை கராஜுடையதா, அதிகாரசபைதான் பார்க்க வேண்டுமா, தம்பியே கேட்க வேண்டுமா? அவன் விட்டுவிட்டு வந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பழைய போதனாசிரியர்:
தங்கச்சி, முதலில் தம்பி கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பலர் அதை பைலில் போட்டதோடு சரி. பயிலுநர், தொழில் வழங்குநர், அதிகாரசபை என்று மூன்று பேருக்கும் அதில் பங்கு உண்டு. இது பாஸ் பார்த்துச் செய்யும் உதவி அல்ல. 1971இல் வந்த பயிலுநர் சட்டத்தோடு தொடங்கிய முறை, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்றைய நைட்டாவிடம் வந்தது. அரச பணம் செலவாகும் பயிற்சி என்பதால் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

தொழிலைப் பழக்குவது கராஜின் பொறுப்பு. அதற்கு அனுபவமுள்ள ஒருவரைக் காட்ட வேண்டும், பாதுகாப்பாக வேலை செய்ய வைக்க வேண்டும், செய்த வேலையைப் பார்த்து ஒப்பமிட வேண்டும். பயிற்சி நடக்கிறதா என்று வந்து பார்ப்பது அதிகாரசபைப் பரிசோதகரின் வேலை. தம்பி நேரத்துக்குப் போக வேண்டும், சொன்ன வேலையைச் செய்ய வேண்டும், டயறியை அன்றன்றே எழுத வேண்டும்.

கழுவுகிற வேலையும் டயர் வேலையும் தொழிலின் ஒரு பகுதிதான். அதைக் குறை சொல்லிக்கொண்டு போனால் பாஸுக்குக் கோபம்தான் வரும். அதோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை. அந்தத் தொழிலுக்கான தேசியத் தேர்ச்சி நியமத்தில் என்னென்ன பழக வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பட்டியலை வாங்கி, பழகியதற்கு நேரே கோடு போட்டு, "சேர், பிரேக், கிளச், வயரிங் இன்னும் பழகவில்லை, யாரோடு நிற்கட்டும்?" என்று தம்பியே கேட்கட்டும். முறைப்பாடாகக் கேட்பதைவிட இப்படிக் கேட்டால் பதில் வரும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
நன்றி சேர். டயறியில் அவன் "வேலை செய்தேன்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறான். அது போதுமா?

மருதானை மெக்கானிக்:
போதாது அக்கா. நானும் இப்படிப் பயிலுநராக வந்தவன்தான், இப்போது என்னிடமே இரண்டு பிள்ளைகள் பழகுகிறார்கள். ஒருவன் எழுதியதைச் சொல்கிறேன்: "வேனின் முன் பிரேக் பேட் மாற்றினேன். டிஸ்க்கில் வரி விழுந்திருந்தது, காட்டினேன். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஒயில் டாங்கி நிரம்பி வழியாமல் பார்த்தேன்." இதைப் படித்தால் அவன் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை, கையால் செய்திருக்கிறான் என்று தெரிகிறது. கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமே இல்லை. "வேலை செய்தேன்" என்றிருந்தால் எதற்கு ஒப்பமிடுவது?

பாஸ் வாடிக்கையாளரோடு நிற்கும்போது டயறியை நீட்ட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை கடை மூடும் நேரம் நல்லது. பாஸுக்கு நேரமே இல்லையென்றால், தலைமை மெக்கானிக் மேற்பார்வையாளராக ஒப்பமிடலாமா என்று பரிசோதகரிடம் கேளுங்கள். முன்தேதி போட்டு மொத்தமாகக் கையெழுத்து வாங்குவது மட்டும் வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகி:
கேட்டும் நடக்கவில்லையென்றால்?

பழைய போதனாசிரியர்:
நைட்டாவின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்த இலக்கம், சேர்ந்த தேதி, பழகிய வேலை, பழகாத வேலை, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் வரட்டும். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். சில கராஜ்களில் வாகனக் கோளாறு பார்க்கும் ஸ்கேனர் இருக்காது, ஏசி வேலையே வராது. அந்தப் பகுதிக்கு மட்டும் வேறு இடத்தில் பழக வழி உண்டா என்று அதே கடிதத்தில் கேளுங்கள். தமிழில் எழுதலாம், தயங்க வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தில் இருந்து தமிழும் அரச கரும மொழி. பயிற்சி முடிவில் நடக்கும் மதிப்பீடும் தமிழில் வேண்டுமானால் அதையும் இப்போதே எழுதுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் ஆள் தேடுவது கஷ்டம்.

அப்புறம், தம்பியை இடையில் விட விடாதீர்கள். மதிப்பீட்டாளர் முன்னால் கையால் செய்து காட்ட வேண்டியிருக்கும், டயறி மட்டும் காப்பாற்றாது. என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) நான்காம் மட்டம் என்றால் ஒருவர் தனியாக நின்று வேலை செய்யக்கூடியவர் என்று அர்த்தம். அதற்குமேல் ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஓ.எல்.லோடு நின்ற பிள்ளைக்கு இரத்மலானை தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை ஒரு பாதை திறந்திருக்கிறது.

கொட்டாஞ்சேனை அக்கா:
ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன் சேர், மேற்பார்வையாளர் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

பழைய போதனாசிரியர்:
அப்படியானால் அங்கிருந்தே தொடங்குங்கள். திங்கட்கிழமை தம்பி பாஸிடம் அந்தப் பெயரைக் கேட்கட்டும். கிடைத்ததும் பரிசோதகருக்கும் அறிவித்துவிடுங்கள்.