கடலோரக் கோவில் சுவரில் உப்பு பூக்கிறது, ஓவியர்கள் உதவுங்கள்

தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை ஊரில், எங்கள் பங்குக் கோவிலின் ஓவிய வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். காலைத் திருப்பலி முடிந்ததும் சொரூபங்களுக்கு வர்ணம் தொடுவது, திருவிழாக் கொடி வரைவது, அப்புறம் மாலையில் கடைகளுக்கு போர்டு எழுதினால்தான் வீட்டுச் செலவு.

இப்போது பீடத்தின் பின்சுவரில் பேதுரு கடல்மேல் நடக்கும் காட்சியை வரைகிறேன், பழைய சுண்ணாம்புச் சுவர், தரையிலிருந்து இடுப்பளவுக்கு உப்பு பூத்து அக்ரிலிக் பெயிண்ட் அப்பளமாய்ப் பொரிந்து நிற்கிறது, விரல் பட்டாலே வரைந்த அலை உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுபடி சுண்ணாம்புச் சாந்தே பூசினால் எத்தனை நாள் காயவிட வேண்டும், அதன்மேல் எந்த வர்ணம் நிற்கும்? கடலோரச் சுவர்களில் வேலை செய்த அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள். ஜூன் 29 பேதுரு திருவிழா, அதற்குள் முடித்தாக வேண்டும்.