பனானா ஷயரில் வேலையா? எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பனானா ஷயரில் (ஷயர் என்றால் ஒரு கவுன்சிலின் கீழ் வரும் உள்ளாட்சிப் பகுதி) வேலை கிடைத்திருக்கிறது, 491 விசாவில் (பெருநகரங்களுக்கு வெளியே ரீஜனல் பகுதியில் வாழ்ந்து வேலை செய்யத் தரும் தற்காலிக விசா) குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் மேப்பில் அதன் முக்கிய ஊரான பிலோயிலாவை மட்டும் பார்த்துவிட்டு வீடு பிடித்துவிடாதீர்கள்.

அந்த ஷயரின் பரப்பு 28,500 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆட்களோ, 2021 கணக்கெடுப்புப்படி, 15,000 பேர்கூட இல்லை. கவுன்சில் ஒன்றுதான், ஆனால் பிலோயிலாவிலிருந்து அதே ஷயரின் இன்னொரு ஊரான டாரூம் போய்ச்சேர கார் ஓட்டியே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஒவ்வொரு ஊரையும் ஒவ்வொரு பிழைப்பு தாங்குகிறது: பிலோயிலாவில் இறைச்சித் தொழிற்சாலை, பக்கத்தில் காலைட் நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும்; மௌராவில் சுரங்கம்; தியோடரில் டாசன் ஆற்றுத் தண்ணீரில் பருத்தி; மற்றபடி எங்கும் மாடு. உங்களுக்கு வேலை மௌராவில், மனைவிக்கு பிலோயிலாவில் என்றால் யாராவது ஒருவர் தினமும் ஒரு வழிக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல் போய் வர வேண்டும், அதனால் இரண்டு கார் இல்லாமல் முடியாது. சூரியன் சாய்ந்த பிறகு ரோட்டோரப் புல்லிலிருந்து கங்காரு திடீரென்று குதிக்கும். அப்போது ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், நேராகவே பிரேக் போடுங்கள். வண்டி புரண்டால்தான் உயிருக்கு ஆபத்து.

தியோடர் பக்கம் வீடு பார்த்தால் வெள்ள வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். 2010 டிசம்பர் கடைசியில் டாசன் ஆறு பெருகி அந்த ஊரையே மொத்தமாகக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அப்புறம், குயின்ஸ்லாந்துதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள், ஜூன் ஜூலையில் விடியற்காலை உறைபனி விழும்.

பிலோயிலாவில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் என்றால் பெரும்பாலும் ராக்ஹாம்ப்டனோ பிரிஸ்பேனோதான். அப்படிப் போக வேண்டியிருந்தால் மாநில அரசின் நோயாளிப் பயண உதவித்திட்டம் ஒன்று உண்டு, மெடிகேர் கார்டு (அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை) வைத்திருப்பவர்கள் ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள், பலர் தெரியாமலே கைக்காசைச் செலவழிக்கிறார்கள். குப்பை, குடிதண்ணீர், நூலகம், உள்ளூர் ரோடு எல்லாம் கவுன்சில் பொறுப்பு. பள்ளிக்கூடமும் போலீசும் மாநில அரசிடம்.

ஊர்க்காரர்கள் எப்படி என்று கேட்டீர்கள். 2018 மார்ச்சில் ஒரு ஈழத்தமிழ்க் குடும்பத்தை, இரண்டு சின்னக் குழந்தைகளோடு, விடியற்காலையில் பிலோயிலா வீட்டிலிருந்து குடியேற்ற அதிகாரிகள் கொண்டுபோனார்கள். கிறிஸ்துமஸ் தீவு வரை கொண்டுபோய்த் தடுப்புக்காவலில் வைத்திருந்தார்கள். அந்த ஊர்ச் சனம் நான்கு வருஷம் விடாமல் போராடியது. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது. நம்மவர்களுக்காக அவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நெகிழ்கிறது. அங்கே போனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் நாளே போய்ப் பேசுங்கள்.

விசா விஷயம்: 491க்குப் பிறகு வாங்கும் நிரந்தர விசாவான 191க்கு மூன்று வருஷம் 491ல் இருக்க வேண்டும், ஆனால் அத்தனை காலமும் ஒரே ஷயரில் இருக்க வேண்டும் என்பதில்லை. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர மற்றதெல்லாம் ரீஜனல் கணக்குதான். மாநில நாமினேஷனில் (விசாவுக்கு மாநில அரசு தரும் பரிந்துரை) ஒப்புக்கொண்ட நிபந்தனையை மட்டும் எடுத்துப் படித்துவிடுங்கள்.

ஆஃபர் லெட்டரில் வேலை இடம் எந்த ஊர் என்று போட்டிருக்கிறது? ஷிஃப்ட் வேலையா? அதைச் சொல்லுங்கள், வீடு எங்கே பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.