வெள்ளவத்தையை விட்டு ஒட்டுசுட்டான் காணிக்குப் போய் இருக்கலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் பன்னிரண்டு வருடம் முடிந்துவிட்டது, வீட்டுக்காரர் வாடகையைத் திரும்பவும் கூட்டப்போகிறார். அப்பாவின் காணி மூன்று ஏக்கர் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே கிடக்கிறது, மாங்குளம் முல்லைத்தீவு றோட்டில் இருந்து ஐந்து கிலோமீற்றர் கிரவல் பாதை. 2008இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த பிறகு யாரும் அங்கே இருக்கவில்லை. கிணறு தூர்ந்துவிட்டது, கரண்ட் இல்லை. போன தையில் போய்ப் பார்த்தோம், எங்கும் பச்சை, மனைவிக்கும் பிடித்துவிட்டது. மகளுக்கு ஏழு வயது. நான் கணக்கு வேலை, லப்டொப் இருந்தால் போதும். அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

நெடுங்கேணி வளவு: தம்பி, தையில் பார்த்துவிட்டு முடிவு எடுக்க வேண்டாம். அது மழை முடிந்த கையோடு இருக்கும் பச்சை. ஓகஸ்ட், செப்டெம்பரில் போய் ஒரு கிழமை தங்குங்கள். நான் தெகிவளையில் இருந்து வந்த முதல் வருடம் சோளகக் காற்று அடிக்க அடிக்கக் கிணறு இறங்கி, கடைசியில் வாளியில் பாதி சேறுதான் வந்தது, பக்கத்து வளவு அம்மா தந்த தண்ணீரில்தான் அந்த மாதத்தை ஓட்டினோம். கிணற்றை அந்தக் கோடையிலேயே இறைத்துத் தோண்டுங்கள், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். தண்ணீரைச் சோதித்த பிறகு குடியுங்கள். எங்கள் கேத்தலின் அடியில் இரண்டு மாதத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படை பிடித்தது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்தானே.

அப்புறம் யானை. நெல் மூட்டையை வீட்டுக்குள் அடுக்காதீர்கள், அந்த வாசத்துக்குச் சுவரையே தள்ளும். இரவில் தென்னம்பிள்ளை முறிகிற சத்தம் கேட்டால் டோர்ச்சோடு வெளியே ஓடாமல் அயலுக்குப் போன் எடுங்கள். அயல் இல்லாத இடத்தில் வீடு கட்டவே வேண்டாம், காணியின் எந்த மூலை அடுத்த வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதோ அங்கே கட்டுங்கள்.

காணிக் கந்தோர் அக்கா: முதலில் அது உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியா? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்த பெர்மிட் என்றால் அப்பா தனக்குப் பிறகு உரிமை பெறும் பின்னுரித்தாளராக யாருடைய பெயரைப் பதிந்தார் என்று பிரதேச செயலகத்தில் பாருங்கள், நிறையக் குடும்பங்களில் சகோதரங்கள் பிரிவது இந்த ஒரு வரியால்தான். இவ்வளவு வருடம் ஆள் இல்லாததால் பற்றை காடாகியிருக்கும், வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கிறதா என்று கேட்காமல் ஒரு மரமும் வெட்டாதீர்கள். இன்னொன்று, கண்ணிவெடி அகற்றி முடித்த இடமா என்று கிராம சேவகரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் பிள்ளையை உள்ளே விடவே வேண்டாம். இதை மறக்காதீர்கள்.

முள்ளியவளை: பிள்ளையோடு வருவதால் சொல்கிறேன், நிலத்தில் பாய் போட்டுப் படுக்காதீர்கள். கட்டு விரியன் இரவில்தான் வரும், கடித்தது வலிக்கவே வலிக்காது, விடியத்தான் கண் இமை தொங்கி விழும். கட்டிலில் படுத்து நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழே செருகுங்கள். கடித்தால் வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், காலை ஆட்டாமல் வைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், அதற்குக் காசு எடுக்க மாட்டார்கள். ஆனால் மழையில் உங்கள் பாதையால் வண்டி உள்ளே வருமா? அதையும் மாரியில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேட்டவர்: எல்லோருக்கும் நன்றி. கண்ணிவெடியை நான் யோசிக்கவே இல்லை, நாளைக்கே கிராம சேவகருக்குப் போன் எடுக்கிறேன். அப்பாவின் தகரப் பெட்டியில் பெர்மிட் கடதாசிதான் இருக்கிறது, அதில் பெரியண்ணாவின் பெயர். அவரோடு முதலில் கதைக்க வேண்டும். ஓகஸ்ட் லீவுக்கு மகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போகிறோம். ஒட்டுசுட்டானில் கிணறு இறைக்க ஆட்கள் கிடைப்பார்களா?

நெடுங்கேணி வளவு: கிடைப்பார்கள். ஆனால் தூர்ந்த கிணற்றில் முதலாவதாக இறங்குவது கண்ணிவெடி ஆட்கள் பார்த்த பிறகுதான்.