ஆறாவது, ஏழாவது ரவுண்டில் குவாட்டர்பேக் எடுப்பது வீண்தானா?

ராலே_ரசிகை:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்து மூன்று சீசன்தான் ஆகிறது. கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்து ரவுண்டு ரவுண்டாக எடுக்கும் டிராஃப்டின் மூன்றாம் நாள் வந்தால் எங்கள் வீட்டில் வாக்குவாதம்தான். அதுவும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகளைப் பற்றித்தான். 2025 டிராஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தை இரண்டு வருடம் பிளேஆஃப் அரையிறுதி வரை கொண்டுபோன குவின் யூவர்ஸ் 231ஆவது ஆளாகத்தான் போனார். கிரஹாம் மெர்ட்ஸ் 197, கர்ட்டிஸ் ரூர்க் 227. இவ்வளவு நேரம் யாரும் தொடாத பையனிடம் கடைசியில் ஒரு அணி மட்டும் எதைப் பார்க்கிறது? இல்லை, மிச்சம் இருக்கும் தேர்வை எங்காவது செலவழிக்க வேண்டுமே என்று எடுக்கிறார்களா? கணவர் வீண் என்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான்காம்_டவுன்:
உங்கள் கணவர் பக்கம்தான் நான். இந்தப் பேச்சை எடுத்தாலே டாம் பிரேடி, 199ஆவது தேர்வு, 2000ஆம் ஆண்டு, ஏழு சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) வெற்றி என்று வந்துவிடும். அதே டிராஃப்டை முழுசாகப் பாருங்கள். பிரேடிக்கு முன்னால் ஆறு குவாட்டர்பேக்குகள் போனார்கள். ஹாஃப்ஸ்ட்ராவிலிருந்து வந்த ஜியோவானி கார்மாட்சி மூன்றாவது ரவுண்டு, அவர் ஒரு சீசன் ஆட்டத்தில்கூடக் களம் இறங்கவில்லை. டென்னசிக்கு 1998இல் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த டீ மார்ட்டின் 163, ஸ்பெர்கன் வின் 183. இவர்களும் "யாரும் கவனிக்காத பையன்கள்"தான். அவர்கள் பெயரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

இன்னொன்று. பேட்ரியட்ஸ் அணிக்காகப் பிரேடியைக் கண்டுபிடித்த பயிற்சியாளர் பில் பெலிசிக்காலேயே அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. ரோஹன் டேவி நான்காவது ரவுண்டு, கிளிஃப் கிங்ஸ்பரி ஆறாவது, ஜாக் ராபின்சன் ஏழாவது, டேனி எட்லிங் ஏழாவது, ஜாரட் ஸ்டிடம் நான்காவது. அதே கண், அதே அலுவலகம். இவர்களில் ஒருவர்கூட பேட்ரியட்ஸுக்கு நிலையான குவாட்டர்பேக் ஆகவில்லை. அவரே தன் வித்தையைத் திரும்பக் காட்ட முடியாதபோது மற்ற அணிகள் எதை நம்பி இறங்குவது?

அயோவா_காற்று:
நண்பரே, எட்லிங் வரை வந்த நீங்கள் மாட் கேசலை விட்டுவிட்டீர்கள். 2005, ஏழாவது ரவுண்டு, 230ஆவது தேர்வு. 2008இல் பிரேடி முதல் ஆட்டத்திலேயே முழங்கால் உடைந்து உட்கார்ந்தபோது, அந்த அணியை 11 வெற்றி 5 தோல்வி என்று முடித்தவர் அவர்தான்.

சரி, எனக்கு நெருக்கமான கதைக்கு வருகிறேன். 2018இல் நான் ஏம்ஸில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் முதல் வாரம் எங்கள் ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குப் போய் ஆடியது. முதலாண்டு மாணவர் ஒருவரை பெஞ்சிலிருந்து எழுப்பி இறக்கினார்கள். நான்கு டச் டவுன் (எல்லைக் கோட்டுக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்தார், ஒன்று ஓடியே அடித்தார், 48-42 வெற்றி. அடுத்த வாரம் எங்கள் ஜாக் டிரைஸ் ஸ்டேடியத்துக்கு வெஸ்ட் வர்ஜீனியா வந்தது, அப்போது நாட்டில் ஆறாவது இடத்தில் இருந்த அணி. மாணவர் வரிசையில் நின்று பார்த்தேன். 30-14. கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கியது, நானும் இறங்கினேன். அந்தப் பையன் பிராக் பர்டி.

அன்று என் கண்ணில் பட்டது எறியும் பலம் இல்லை. எதிராளி பக்கவாட்டில் சுற்றி வரும்போது பின்னால் ஓடாமல், தன்னைக் காக்கும் வீரர்கள் அமைக்கும் பாக்கெட்டுக்குள் ஒரு அடி முன்னே வைத்தார். அந்த ஒரு அடி வைக்கும்போதும் தலை குனியவில்லை, பார்வை தூரத்திலேயே இருந்தது. பதினெட்டு வயதுப் பையனுக்கு அது சாதாரணமாக வராது.

நான்கு வருடம் தொடர்ந்து ஆடினார், 46 ஆட்டங்களில் தொடக்க வீரர். 2020இல் பிக் 12 என்ற கல்லூரிப் பிரிவின் இறுதி ஆட்டம், அப்புறம் ஃபியஸ்டா பவுலில் ஓரிகனை 34-17. இத்தனையும் பார்த்த பிறகும் 2022இல் 262 பேர் கொண்ட டிராஃப்டின் 262ஆவது ஆளாகத்தான் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார். காரணம் ஆறடியைக் கொஞ்சமே தாண்டிய உயரம், சுமாரான கை பலம், சின்னக் கை. அளவெடுக்கும் நாடாவால் ஆளை அளந்துவிட்டார்கள். நான் இன்றும் பொறுக்க முடியாத விஷயம் அதுதான்.

நான்காம்_டவுன்:
நீங்கள் நேரில் பார்த்ததை மதிக்கிறேன். ஆனால் கதையின் இன்னொரு பாதியும் உங்களுக்குத் தெரியும். 2021 செப்டம்பரில் அதே ஸ்டேடியத்தில் ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு எதிராக மூன்று இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) கொடுத்து, ஆட்டத்தின் நடுவே பர்டி வெளியே உட்கார வைக்கப்பட்டார். அந்த வருடம் அணி 7-6இல் முடிந்தது. டிராஃப்டுக்கு முன் கடைசியாக ஸ்கவுட்டுகள், அதாவது அணிகளுக்காக வீரர்களை எடை போடுபவர்கள், பார்த்த பர்டி அவர். நாடாவை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

அப்புறம் எப்படி மேலே வந்தார்? அணியில் அவருக்கு முன்னால் இரண்டு குவாட்டர்பேக்குகள். முதலில் டிரே லான்ஸ் காயம், பிறகு 2022 டிசம்பர் 4ஆம் தேதி மயாமி ஆட்டத்தில் ஜிம்மி கரோப்பலோ காயம். இரண்டு பேரும் நன்றாக இருந்திருந்தால் பர்டி இன்று எங்கே? பக்கத்தில் மெக்காஃப்ரி, டீபோ சாமுவேல், கிட்டில் போன்ற நட்சத்திரங்கள், திட்டம் போட்டுக் கொடுக்க பயிற்சியாளர் கைல் ஷனஹான். இந்த இடம் கிடைத்தால் எத்தனையோ பேர் நன்றாகத் தெரிவார்கள்.

பர்டி 46 ஆட்டம் ஆடியதைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். டோரியன் தாம்ப்சன் ராபின்சன் ஐந்து வருடம் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் தொடக்க வீரர். 2023இல் கிளீவ்லாண்ட் ஐந்தாவது ரவுண்டில், 140ஆவது தேர்வில் எடுத்தது. ரேவன்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மூன்று இன்டர்செப்ஷன், 28-3 தோல்வி. நீங்கள் முன்வைக்கும் கேசலோ யூஎஸ்சி பல்கலைக்கழகத்தில் ஒரு ஆட்டம்கூடத் தொடக்கக் குவாட்டர்பேக்காக ஆடியதில்லை. அனுபவம் இருந்தவர் தடுமாறினார், இல்லாதவர் பதினோரு வெற்றியோடு சீசனை முடித்தார். எந்த அளவுகோலை வைத்து எடுப்பீர்கள்?

அயோவா_காற்று:
ராபின்சன் விஷயத்தில் அவசரப்படுகிறீர்கள். தொடக்க வீரர் டிஷான் வாட்சனின் தோள் சரியில்லை என்று ஆட்டத்தன்று கடைசி நேரத்தில் இறக்கிவிடப்பட்டவர் அவர். எதிரே ரேவன்ஸ் தடுப்பு அணி. யாராக இருந்தாலும் அன்று கஷ்டப்பட்டிருப்பார்.

நான்காம்_டவுன்:
நான் சொல்வதும் அதைத்தானே? சூழல் சரியில்லை என்றால் பையன் விழுகிறான், சரியாக இருந்தால் எழுகிறான். அப்படியானால் டிராஃப்ட் மேசையில் உட்கார்ந்து பையனை எடை போடுவதில் என்ன அர்த்தம்?

வெள்ளி_இரவு_கோச்:
இரண்டு பேருக்கும் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டெக்சஸில் ஒரு உயர்நிலைப் பள்ளி அணியில் ஒன்பது வருடமாக உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். எங்கள் பள்ளியிலிருந்து போனவர்களில் ஒருவன் கல்லூரியில் குவாட்டர்பேக் ஆடினான், டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. இரண்டு தொழில்முறை அணிகளின் பயிற்சி முகாமில் இருந்துவிட்டு வந்தான். அவன் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

முகாமில் மூன்றாவது, நான்காவது குவாட்டர்பேக்குக்குக் கிடைக்கும் பந்துகள் ரொம்பக் குறைவு. சீசன் தொடங்கிவிட்டால் வாரம் முழுக்கத் தன் அணியின் பிளேபுக்கையே (ஆட்டத் திட்டங்களின் தொகுப்பு) ஓட மாட்டான். அடுத்த ஞாயிறு வரப்போகும் எதிரணி மாதிரி நடிக்க வேண்டும். ஒரு பயிற்சியாளர் அட்டையில் வரைந்த படத்தை உயர்த்திக் காட்டுவார், அதைப் பார்த்து எறிய வேண்டும், அவ்வளவுதான். மனப்பாடம் செய்த சொந்த பிளேபுக்கை அறையில் தனியாக, நாற்காலிகளை வரிசை வைத்து ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னான். தொடக்க வீரருக்கு அடிபட்டால் அப்படிப்பட்டவனைத்தான் கூப்பிடுவார்கள்.

பிரேடியும் 2000 சீசனை நான்காவது குவாட்டர்பேக்காகத்தான் தொடங்கினார். அந்த சீசனில் மூன்றே பாஸ், அதில் ஒன்று சேர்ந்தது, ஆறு கஜம். பெரும்பாலான அணிகள் நான்காவது ஆளை வைத்துக்கொள்வதே இல்லை. பேட்ரியட்ஸ் வைத்துக்கொண்டது. குவாட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபைன் அவருக்காக வாதாடியிருந்தார். 2001 ஆகஸ்டில் ரேபைன் இறந்துவிட்டார். அடுத்த மாதம் எதிரணியின் மோ லூயிஸ் இடித்ததில் தொடக்க வீரர் டிரூ பிளெட்சோ காயப்பட, பிரேடி உள்ளே வந்தார். தான் நம்பிய பையன் தொடக்க வீரராக ஆடியதை ரேபைன் பார்க்கவே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்.

எடை போடுவது வீண் இல்லை. எடை போட்டதோடு நிறுத்திக்கொண்டால்தான் வீண். எடுத்தவனை வளர்க்க உள்ளே ஒரு ஆள் வேண்டும்.

அயோவா_காற்று:
கோச் அண்ணா, இதைத்தான் சொல்ல வந்தேன், சரியான உதாரணம் கைவசம் இல்லாமல் இருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுத்த பொது மேலாளர் ரான் வுல்ஃப் ஞாபகத்துக்கு வந்தார்.

கிரீன் பேயில் 1992இலிருந்து பிரெட் ஃபாவ்ர் ஒரு ஆட்டம் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். குவாட்டர்பேக் தேவையே இல்லாத அணி. ஆனாலும் வுல்ஃப் எடுத்துக்கொண்டே இருந்தார். டை டெட்மர் ஒன்பதாவது ரவுண்டு (அப்போது ரவுண்டுகள் அதிகம், ஏழாகச் சுருங்கியது 1994இல்), மார்க் புருனல் 1993இல் ஐந்தாவது, மாட் ஹாசல்பெக் 1998இல் ஆறாவது, 187ஆவது தேர்வு, ஆரன் புரூக்ஸ் 1999இல் நான்காவது. புருனலை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்து மூன்றாவது, ஐந்தாவது ரவுண்டுத் தேர்வுகளை வாங்கினார். ஹாசல்பெக்கை சியாட்டிலுக்குக் கொடுத்து முதல் ரவுண்டிலேயே பதினேழிலிருந்து பத்துக்கு ஏறினார், கூடவே ஒரு மூன்றாவது ரவுண்டு. அந்த ஹாசல்பெக் பிறகு சியாட்டிலை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார்.

ஒரே அணி, பத்து வருடத்துக்குள் இத்தனை பேர். இதையும் யாருக்கோ அடிபட்ட அதிர்ஷ்டம் என்பீர்களா, நான்காம்_டவுன்?

நான்காம்_டவுன்:
இல்லை, வுல்ஃபை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கிரீன் பே முகாமுக்கு 1994இல் யாரும் எடுக்காத கர்ட் வார்னர் வந்தார், அவரை அனுப்பிவிட்டார்கள். ஐயோவாவில் ஹைவீ கடையில் இரவு அலமாரி அடுக்கினார். உள்ளரங்க ஃபுட்பால், ஆம்ஸ்டர்டாம் என்று சுற்றி, 1999இல் ராம்ஸின் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனதும் உள்ளே வந்து 41 டச் டவுன், எம்விபி (மிகச் சிறந்த வீரர் விருது), சூப்பர் பவுல் வெற்றி. அவ்வளவு கூர்மையான கண்ணுள்ள இடமே அவரைக் கைவிட்டது. அதனால்தான் என் நம்பிக்கை குறைவாக இருக்கிறது.

என் உண்மையான கவலை விலை. அணியில் இடம் 53 பேருக்குத்தான். பையனை அங்கே வைக்காமல் வெளியே விட்டால் எந்த அணியும் வெய்வர்ஸில், அதாவது விடப்பட்ட வீரர்களைக் கோரும் முறையில், தூக்கிக்கொள்ளலாம். வைத்தால் ஒரு லைன்மேனோ, பந்தை உதைக்கும் கட்டங்களில் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ் வீரரோ போக வேண்டும். ஜூலியன் எடல்மன் கென்ட் ஸ்டேட்டில் குவாட்டர்பேக். 2009இல் பேட்ரியட்ஸ் ஏழாவது ரவுண்டில் எடுத்து, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாற்றியது. பிறகு சூப்பர் பவுல் எம்விபி. கடைசி ரவுண்டில் ஒரு கல்லூரி குவாட்டர்பேக்கை எடுத்தே தீர வேண்டும் என்றால் நான் அப்படித்தான் எடுப்பேன்.

அயோவா_காற்று:
விலை என்றால் இன்னொரு விலையையும் சேர்த்துப் பாருங்கள். லான்ஸுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ தன் 12ஆவது தேர்வோடு அடுத்த இரண்டு வருட முதல் ரவுண்டுகளையும் கொடுத்து 2021இல் மூன்றாவது இடத்துக்கு ஏறியது. இரண்டே வருடத்தில் ஒரு நான்காவது ரவுண்டுக்கு டல்லாஸிடம் கொடுத்துவிட்டது. பர்டி 2023இல் வாங்கிய சம்பளம் பத்து லட்சம் டாலருக்கும் கீழே. அந்த வருடம் 4,280 கஜம், 31 டச் டவுன், சூப்பர் பவுல் வரை போனார். நீங்கள் சொன்ன மெக்காஃப்ரி, டீபோ, கிட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சம்பளம் கொடுக்க முடிந்ததற்கு குவாட்டர்பேக் சம்பளம் அவ்வளவு குறைவாக இருந்ததும் ஒரு காரணம். 2025இல் அதே பையனுக்கு ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி டாலர்.

ராலே_ரசிகை:
எவ்வளவு விஷயம்! கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தேன். ஒரு சின்னக் கேள்வி. நான் வீட்டில் உட்கார்ந்து ஒரு கல்லூரி ஆட்டம் பார்க்கிறேன் என்றால் எதைப் பார்க்க வேண்டும்? பந்து எங்கே போகிறது என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரிவதில்லை.

வெள்ளி_இரவு_கோச்:
நல்ல கேள்வி அம்மா. பந்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். மூன்றாவது டவுன் (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), ஏழெட்டு கஜம் வேண்டும் என்கிற கட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எதிரணிக்குத் தெரியும், இவன் எறியத்தான் போகிறான் என்று.

ஸ்நாப் ஆகி, அதாவது பந்து கைக்கு வந்ததும், பின்னால் அடி வைத்துப் போவான். கடைசி அடியில் பின்னங்கால் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில் பந்து கையை விட்டுப் போகிறதா, இல்லை அங்கே நின்று துள்ளிக்கொண்டிருக்கிறானா? ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பினால், தடுப்பு எப்படி நிற்கிறது என்று இவன் முன்கூட்டியே படித்துவிட்டான். திரும்பிய பிறகு எறிந்தால் கண்ணால் பார்த்துத்தான் எறிகிறான். கல்லூரியில் இரண்டும் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இரண்டாவது வகைப் பந்து எதிரணி கையில்தான் போகும்.

2000 ஜனவரி 1 ஆரஞ்சு பவுல் கல்லூரி ஆட்டம், பிரேடியின் மிச்சிகனும் அலபாமாவும். கிடைத்தால் தேடிப் பாருங்கள். மிச்சிகன் இரண்டு தடவை பதினான்கு புள்ளி பின்தங்கியது. பிரேடி 369 கஜம், நான்கு டச் டவுன், கூடுதல் நேரத்தில் 35-34. அந்த சீசனின் தொடக்கத்தில் டிரூ ஹென்சனோடு ஆட்டத்தைப் பங்கு போட வேண்டியிருந்த பையன். ஒல்லி, ஓடத் தெரியாது, காம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் தேர்வு) நாற்பது கஜம் ஓட 5.28 விநாடி. அந்த ஆட்டத்தில் அவர் காலைப் பாருங்கள். இது மூன்றரை மாதம் கழித்து 199 ஆக வேண்டிய ஆள்தானா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான்காம்_டவுன்:
எடுத்தவனை வளர்க்க வேண்டும் என்று கோச் சொன்னதை நானும் ஏற்கிறேன். ஒரு நிபந்தனையோடு: நல்ல தொடக்க வீரர் ஏற்கெனவே இருக்கிற, இரண்டு வருடம் காத்திருக்கத் தயாரான அணி மட்டும் எடுக்கட்டும். குவாட்டர்பேக்கே இல்லாமல் தவிக்கிற அணி ஆறாவது ரவுண்டில் மீட்பரைத் தேடுவதை நான் எப்போதும் எதிர்ப்பேன். 2023இல் வாஷிங்டன் ஐந்தாவது ரவுண்டு சாம் ஹவலை இரண்டாம் வருடமே முழு சீசனும் ஆட வைத்தது. 65 தடவை தரையில் சாய்க்கப்பட்டார், 21 இன்டர்செப்ஷன். இரண்டிலும் அந்த வருடம் லீகிலேயே அதிகம் அவர்தான். அந்தப் பையனுக்கு நடந்தது நியாயமே இல்லை.

அயோவா_காற்று:
ஹவல் விஷயத்தில் உங்களோடு முழுசாக நிற்கிறேன். நிபந்தனையில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். 2016இல் டல்லாஸிடம் டோனி ரோமோ இருந்தார், நான்காவது ரவுண்டு டேக் பிரெஸ்காட் இரண்டு வருடம் காத்திருக்கவில்லை. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் ரோமோவுக்கு முதுகில் அடி, முதல் வாரமே இறங்கினார், 13 வெற்றி. ஆள் தயாராக இருந்தால் எதற்குக் காக்க வைக்க வேண்டும்?

நான்காம்_டவுன்:
பிரெஸ்காட்டுக்கு முன்னால் நின்றது அந்த வருடத்தின் மிகச் சிறந்த தாக்குதல் வரிசைகளில் ஒன்று. திரும்பவும் சூழலுக்கே வருகிறோம்.

ராலே_ரசிகை:
ஆரஞ்சு பவுல் முழு ஆட்டமும் கிடைத்துவிட்டது. இரண்டாவது பாதி பார்த்துக்கொண்டிருக்கிறோம். கணவர் ஒவ்வொரு மூன்றாவது டவுனுக்கும் நிறுத்தி, காலைப் பார்த்து, ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

வெள்ளி_இரவு_கோச்:
முடித்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள் அம்மா. என் கணக்கோடு ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும்.