அவசரம் லேது

குழு: கீழவாசல் வீட்டார்

அனு (ஹைதராபாத்), காலை 7.40
எல்லாரும் சிரித்துவிட்டுப் போங்கள். விடியற்காலையில் எதிர்வீட்டு ஆன்ட்டி வந்து, சமையலறை அண்டாவைக் காட்டி மளமளவென்று தெலுங்கில் பேசினார். எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் 'அவசரம்'. அதிலிருந்த அரிசியைக் கட்டிலில் கொட்டிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பூஜை நாளைக்காம்!

அம்மா, 7.43
அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். நீ அண்டாவையே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய்.

பெரியப்பா, 7.51
தெலுங்கில் அவசரம் என்றால் தேவை, அனு. ஆந்திராவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி "அவசரமா?" என்றார். மெதுவாகக் கையெழுத்துப் போடட்டுமே என்று, எனக்குத் தெரிந்த தெலுங்கில் பணிவாக "அவசரம் லேது சார்" என்றேன். தேவையில்லையாக்கும் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தீபாவளிக்கு நான் ஊருக்கு வரவில்லை.

அம்மா, 7.52
இத்தனை வருடமாக 'வேலைப்பளு' என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்!

அனு, 7.54
அப்படியானால் நம் 'அவசியம்'தான் இங்கே 'அவசரம்' என்று திரிந்துவிட்டதா?

பெரியப்பா, 8.02
இல்லையம்மா. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவைதான், ஆனால் வேர் வேறு. அவசியம், 'அவச்ய' என்பதிலிருந்து வந்தது. வசப்படாதது, தட்ட முடியாதது. அவசரம், 'அவஸர' என்பதிலிருந்து. அதற்குச் சமயம், வாய்ப்பு என்று பொருள். இந்தியில் 'அவ்ஸர்' இன்றும் வாய்ப்புதான்.

சித்தி (பாலக்காடு), 8.06
மலையாளத்திலும் வாய்ப்புதான். வேலைவாய்ப்புக்குத் 'தொழிலவசரம்' என்பார்கள். சந்தர்ப்பவாதிக்கு 'அவசரவாதி'. கல்யாணமாகி வந்த புதிதில், பாவம், ஏதோ பதற்றக்கார மனிதரைத் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

மாமா (பெங்களூரு), 8.09
கன்னடக்காரர்கள் நம் கட்சி. 'அவசர' என்றால் அவசரமேதான். அந்தப் போக்குவரத்தில் அது ஒன்றும் பலிக்காது என்பது வேறு விஷயம்.

அண்ணன் (கொழும்பு), 8.15
சிங்களத்தில் 'அவசர' என்றால் அனுமதி. அலுவலக வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அனுமதியின்றி உள்ளே வராதே என்று எழுதியிருப்பதைக் காவலாளி வாசித்துக் காட்டினார். என் காதில் 'அவசர' மட்டும் விழுந்தது. மருத்துவ உதவிக்கு வழி காட்டுகிறார்கள் என்று நேரே உள்ளே போய்விட்டேன்.

அம்மா, 8.17
வாய்ப்பு எப்படிப் பெரியப்பா ஓட்டமாக மாறும்?

பெரியப்பா, 8.30
என் கணக்கு இது: நல்ல சமயம் நழுவிவிடும் என்று பயந்தால் ஓட்டம். சமயத்துக்கு உதவ வேண்டியது தேவை. உனக்கு ஒரு சமயம் தருகிறேன் என்றால் அனுமதி. நாமும் 'அவசர ஆத்திரத்துக்கு நாலு காசு வேண்டும்' என்கிறோமே, அங்கே கொஞ்சம் தெலுங்குப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பிப்பதைப் 'பெரிய அவசரம்' என்பார்கள். அங்கே யாரும் ஓடுவதில்லை.

தம்பி, 8.33
இந்தியில் நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. அதுவும் நம் கல்லா?

பெரியப்பா, 8.36
அது விடியலைக் குறிக்கும் 'கல்ய' என்ற சொல்லின் வழி வந்தது. நம் கல்லுக்கு உறவே இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் மாமா சாயலில் இருப்பார். அதற்காகச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பங்கு கேட்க முடியுமா?

மாமா, 8.37
கேட்டுப் பார்க்கலாம்.

அம்மா, 8.41
அனு, அரிசி இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறதா? முதலில் அதை அள்ளு.

அனு, 8.42
அவசரம் லேது. அண்டா நாளை மாலைதான் வரும்.

அம்மா, 8.42
இன்று இரவு எங்கே படுப்பாய்?