கிரியோல் என்றாலே கலப்பினமா?

கடலோடி:
மொரிஷியஸ் பற்றிய பேச்சில் ஒருவர் "கிரியோல் என்றால் கலப்பினத்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. நெப்போலியனின் முதல் மனைவி ஜோசபின் 1763இல் கரீபியன் கடலில் உள்ள மார்டினிக் தீவில் பிறந்தவர். கரும்புத் தோட்டம் வைத்திருந்த பிரெஞ்சுக் குடும்பம். அவரையும் கிரியோல் என்றுதான் சொன்னார்கள். தென் அமெரிக்காவில் ஸ்பானியருக்கு எதிராகப் போரிட்ட சிமோன் பொலிவரும் கிரியோல்தான். ஐரோப்பாவில் பிறக்காமல் குடியேற்ற நாட்டில் பிறந்தவர், அவ்வளவுதான் பொருள். அங்கேயே பிறந்த அடிமைகளின் பிள்ளைகளுக்கும் இதே பெயர் இருந்தது.

நெய்தல்:
பழைய கதை சார் அது. இன்றைக்கு மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் ஒரு வெள்ளைக்காரரைக் கிரியோல் என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கரிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த, பெரும்பாலும் கத்தோலிக்கரான சமூகத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர். தமிழ் வழியினர் வீட்டில் பேசுவதும் கிரியோல் மொழிதான், ஆனால் தங்களைக் கிரியோல் என்று சொல்ல மாட்டார்கள். அரசியலமைப்பில் இந்தச் சமூகத்துக்குத் தனிப் பெயரே கிடையாது. இந்து, முஸ்லிம், சீன மொரிஷியர் என்று மூன்றைச் சொல்லிவிட்டு, வாழ்க்கை முறையில் இவற்றில் சேராதவர் எல்லாம் 'பொது மக்கள்' என்கிறது. வெள்ளைக்காரரும் அதே கணக்கில்தான் வருகிறார்கள். மிச்சம் மீதியைப் போடும் பெட்டி!

கடலோடி:
சரி, பக்கத்துத் தீவான, பிரான்சின் பகுதியான ரெயூனியனுக்கு என்ன சொல்வீர்கள்? அங்கே தீவில் பிறந்து வளர்ந்த யாரும் கிரியோல்தான். தமிழ் வழிவந்த 'மலபார்'களும் அதில் அடக்கம். பிரான்சிலிருந்து வந்திறங்கியவர்தான் வெளியாள், அவருக்கு 'சொரெய்' என்று தனிப் பெயர் உண்டு. நான் சொன்ன பொருள் அங்கே உயிரோடுதான் இருக்கிறது.

மொழிக்கிறுக்கன்:
குறுக்கே வருகிறேன். மொழியியலில் நிறத்துக்கு வேலையே இல்லை. வெவ்வேறு மொழிக்காரர்கள் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டபோது உருவாகி, பிறகு பிள்ளைகளின் தாய்மொழியாகிவிட்ட பேச்சு கிரியோல். ஹைட்டியில் 1987 முதல் அது ஆட்சிமொழி. இலங்கையில் ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரிடமும் போர்த்துகேயக் கிரியோல் ஒன்று உண்டு.

நெய்தல்:
மொழிக்கு அது பொருந்தும், மனிதர்களுக்குப் பொருந்தாது. இன்று அமெரிக்க மாநிலமாக உள்ள லூசியானாவைப் பாருங்கள். 1803இல் அமெரிக்கா அதை வாங்கியபோது, புதிதாக வந்த, ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட அங்கிருந்த வெள்ளையரும் கறுப்பரும் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 'கிரியோல் என்றால் வெள்ளையர் மட்டுமே' என்று ஒரு கூட்டம் அடம்பிடித்தது. 1892இல் வெள்ளையர் ரயில் பெட்டியில் உட்கார்ந்து கைதான ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையராகவே தெரிந்த ஒரு கிரியோல். சட்டம் அவரைக் கறுப்பர் என்றது. பிறந்த ஊர் மட்டும்தான் பொருள் என்றால் இந்தச் சண்டைக்கே இடமில்லையே? 1999 பிப்ரவரியில் பாடகர் காயா போலீஸ் காவலில் இறந்ததும் மொரிஷியஸில் கிரியோல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த வரியில் 'தீவில் பிறந்தவர்கள்' என்று மாற்றிப் படியுங்கள், ஒன்றுமே விளங்காது.

கடலோடி:
மொரிஷியஸுக்கு உங்கள் பொருளை வைத்துக்கொள்ளுங்கள். அதையே ஜோசபினுக்கும் போட்டால் அவரை ஆப்பிரிக்க வம்சம் ஆக்கிவிடுவீர்கள். அப்படி எழுதியவர்களும் இருக்கிறார்கள்.